யாருக்கு வேண்டியவர்?

ஜில்லாக் கோர்ட்டு இருக்கிற ஊர்களில் வக்கீல் தொழிலுக்கு ஒரு நுழைவுப் பரீட்சை உண்டு. அதைப் பார் கவுன்சில் நடத்துவதில்லை, பல்கலைக்கழகமும் நடத்துவதில்லை. அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது, மார்க்கு கிடையாது, தவறினால் மறு பரீட்சையும் கிடையாது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "தம்பி யாருக்கு வேண்டியவர்?"

இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிற பையன் மறுநாள் காலையே சீனியர் வக்கீலின் முன்னறையில் ஒரு நாற்காலி பெற்றுவிடுகிறான். விடை இல்லாதவன் கையில் தங்க மெடலே இருந்தாலும் "பார்க்கலாம் தம்பி, சொல்லி அனுப்புகிறேன்" என்ற மங்கள வாக்கியத்தோடு வாசற்படி இறங்குகிறான். சொல்லி அனுப்ப அவர் அவனுடைய விலாசத்தை வாங்கிக்கொள்வதில்லை என்பதை அவன் தெரு முனைக்கு வந்த பிறகுதான் உணர்கிறான்.

இந்தக் கேள்வி ஒழிய வேண்டும் என்பது என் கட்சி. அதற்காகத்தான் வாதாட வந்திருக்கிறேன்.

"நீ வக்கீலா? உனக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்பார்கள். நான் வக்கீல் அல்ல. காலேஜ் படிப்பை நடுவழியில் நிறுத்திக்கொண்டு கதை எழுத வந்தவன். ஆனால் கோர்ட்டு என்பது வக்கீல்களின் பிதிரார்ஜித சொத்தும் அல்லவே! பாகப்பிரிவினைக்கும் ஜீவனாம்சத்துக்கும் வரப்புத் தகராறுக்கும் அந்த வேப்பமரத்தடியில் போய் நிற்கிறவர்கள் நாம். அங்கே கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு நமக்காகப் பேச யார் யாருக்கு அனுமதி கிடைக்கிறது, அதை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

சர்க்கார் ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை காலியானால் விளம்பரம் வருகிறது. துணிக்கடையில் ஆள் வேண்டுமென்றால்கூடக் கண்ணாடிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டுகிறார்கள். "ஜூனியர் வக்கீல் தேவை" என்று ஏதாவது ஒரு ஜில்லா ஊரில் ஒரு போர்டாவது நீங்கள் பார்த்ததுண்டா? அப்படியானால் ஜூனியர்கள் எப்படித்தான் சேர்கிறார்கள்? சீனியரின் சகலைக்குத் தெரிந்தவர் பிள்ளை. பழைய கட்சிக்காரர் மகன். குமாஸ்தாவின் ஊர்க்காரர் பேரன். நாளைக்குச் சம்பந்தியாகக் கூடியவரின் அண்ணன் பையன். இவர்களில் கெட்டிக்காரர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை; இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் உள்ளே வந்தது கெட்டிக்காரத்தனத்தினால் அல்ல.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று தோன்றலாம். ஒரு சீனியர் இல்லாவிட்டால் தனியாக போர்டு மாட்டிக்கொள்ளட்டுமே! அப்படிச் சொல்கிறவர்களுக்கு இந்தத் தொழிலின் சூட்சுமம் தெரியாது. சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தவனுக்கு சிவில் நடைமுறைச் சட்டம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரு பிராதுக்கு எவ்வளவு ஸ்டாம்பு கட்டுவது, நகல் மனுவை எந்த ஜன்னலில் நீட்டுவது, அமீனா சம்மனைச் சார்வு செய்யாமல் திருப்பினால் அடுத்தபடி என்ன செய்வது, எந்த நீதிபதியிடம் எத்தனை வார்த்தையில் வாய்தா கேட்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுவது - இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சீனியருக்குப் பின்னால் கட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தால்தான் வரும். தச்சனிடம் சேராமல் உளி பிடிக்கக் கற்றவன் உண்டா? அதுபோலத்தான் இதுவும்.

ஒரு காலத்தில் சட்டமே இதை ஒப்புக்கொண்டிருந்தது. 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தில் சன்னது கொடுக்கும் முன் பயிற்சி வேண்டும் என்று இருந்தது. 1973-இல் செய்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. 1995-இல் பார் கவுன்சில் ஒரு வருஷப் பயிற்சியை மறுபடி விதித்தது; 1999-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2023-இல் அரசியல் சாசன பெஞ்சு ஒன்று அந்த 1999-ஆம் வருஷத் தீர்ப்பு சரியல்ல என்று சொன்னதென்னவோ வாஸ்தவம். ஆனால் அதனால் நிலைபெற்றது 2011 முதல் நடக்கிற அகில இந்தியப் பரீட்சைதான்; பயிற்சி திரும்பி வந்துவிடவில்லை. ஆகவே இன்றைய நிலைமை இது: சன்னது கொடுப்பது சர்க்கார் சட்டம், தொழில் கற்றுக்கொடுப்பது சீனியரின் தயவு. தயவுக்கு அப்பீல் கிடையாது.

சட்டம் மற்ற கதவுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்துதான் வந்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். சன்னது பெற்ற வக்கீல் இந்தியா முழுவதிலும் எந்தக் கோர்ட்டிலும் தொழில் செய்யலாம் என்று 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு பிரிவை அமலுக்குக் கொண்டுவர நம்மவர்களுக்கு 50 வருஷம் பிடித்தது; 2011 ஜூன் 15-ஆம் தேதிதான் அது உயிர் பெற்றது. பரவாயில்லை, வந்ததே! 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் கண்ட 750 ரூபாய்க்கு மேல் - தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல் - பதிவுக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆயிரக்கணக்கில் பிடுங்கிக்கொண்டிருந்த வழக்கத்துக்கு அன்று தடை விழுந்தது. அதே வருஷம் ஜூனியர்களுக்கு மாதம் நகரத்தில் 20,000 ரூபாயும் கிராமப்புறத்தில் 15,000 ரூபாயும் கொடுப்பது தகும் என்று இந்தியப் பார் கவுன்சில் பரிந்துரை செய்தது.

எல்லாம் நல்லதே. ஆனால் இந்தியா முழுவதும் தொழில் செய்ய உரிமை பெற்றவன் திண்டுக்கல்லில் ஒரு நாற்காலிக்கு யாருடைய மருமகன் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, அந்த உரிமைக்கு என்ன விலை? 750 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வழக்குப் போடலாம். 'தெரிந்தவர்' என்ற கட்டணத்தை வாங்கினால் எந்த நோட்டீஸ் அனுப்புவது? 15,000 ரூபாய் கொடுங்கள் என்று பரிந்துரைக்கலாம். யாருக்குக் கொடுப்பது என்பதை மட்டும் பழைய வழக்கத்துக்கே விட்டுவிட்டால், நாம் செய்ததெல்லாம் மாப்பிள்ளைகளுக்குச் சம்பளம் ஏற்பாடு செய்ததுதான்!

இப்போது விஷயம் இன்னும் கடுமையாகியிருக்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி வேலைக்கு வருகிறவர்கள் மூன்று வருஷமாவது வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு அத்தாட்சி என்ன? அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதிபதி கொடுக்கும் சர்ட்டிபிகேட். அல்லது பத்து வருஷம் தொழில் செய்த ஒரு வக்கீல் கொடுத்து நீதிபதி ஒப்பமிட்ட சர்ட்டிபிகேட். நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கோர்ட்டு வாசனையே அறியாதவர் நீதிபதி ஆசனத்தில் உட்காரக் கூடாது என்பது நியாயமான ஆசைதான். ஆனால் பாருங்கள்: நேற்று வரை சீனியர் கிடைக்காத பையன், வீட்டில் உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, யாருடைய சிபாரிசும் இல்லாமல் முன்சீப்பாக முடிந்தது. இனி நீதிபதி ஆசனத்துக்குப் போகும் படியும் சீனியர் வீட்டுத் திண்ணை வழியாகவே ஏறுகிறது. "யாருக்கு வேண்டியவர்?" என்ற கேள்வி இனிமேல் வக்கீல்களை மட்டுமல்ல, நீதிபதிகளையும் சலித்தெடுக்கும். அதனால்தான் இந்த வழக்கத்தை இனியும் "ஊர் வழமை" என்று சிரித்துவிட்டுப் போக முடியாது என்கிறேன்.

சீனியர்கள் தரப்பிலும் வாதம் இருக்கிறது. அதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது தர்மமல்ல.

"வெளியூர்ப் பையன் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊருக்கு ஓடிவிடுவான்" என்பது முதல் வாதம். ஓடட்டுமே! வெளியூரான் போகும்போது தன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான். உள்ளூரான் போகும்போது இரண்டு தெரு தள்ளி போர்டு மாட்டுகிறான். உங்கள் கட்சிக்காரர்களில் பாதிப் பேரை அழைத்துக்கொண்டு போகிறான். எந்தச் சீனியரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அவர் மனத்தில் ஆறாத புண்ணாக இருக்கிற ஜூனியர் யாரென்று. அநேகமாக அது சொந்தத் தங்கை மகனாகத்தான் இருக்கும்.

"கட்சிக்காரர் ரகசியம் இருக்கிறதே, தெரியாதவனை எப்படி நம்புவது?" என்பது இரண்டாவது. ரகசியம் எப்படி வெளியே போகிறது? சொல்ல ஆள் இருப்பதால் போகிறது. எதிர்க்கட்சிக்காரருக்குப் பங்காளி முறை ஆகிறவன், அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போகிறவன் - அவனிடம் ரகசியம் தங்குமா, அல்லது அந்த ஊரில் மெஸ் சாப்பாடும் லாட்ஜ் அறையும் தவிர வேறொரு வாசலும் அறியாதவனிடம் தங்குமா?

"உள்ளூர் பாஷை, நில விவகாரம் ஒன்றும் புரியாது" என்பது மூன்றாவது. தஞ்சாவூரில் மா என்றும் குழி என்றும் பேசுவார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் வள்ளம் என்பார்கள். திருநெல்வேலியில் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்பார்கள். வாஸ்தவம். ஆனால் ஐந்து வருஷம் சட்டம் படித்தவனுக்கு இதைக் கற்றுக்கொள்ள எத்தனை நாள் வேண்டும்? பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் அ-பதிவேடும் கன்யாகுமரியிலும் அவைதான், காஞ்சீபுரத்திலும் அவைதான். ஒரு மாதம் தாலுகா ஆபீஸுக்கு அலைய விட்டால் வருகிற ஞானத்தைப் பிறவி ஞானம் போலச் சொல்லக் கூடாது.

இந்த மூன்றும் மேலுக்குச் சொல்கிற வாதங்கள். நான்காவது ஒன்று இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். "வெளியூரான் கேஸ் கொண்டு வரமாட்டான்." அதுதான் உண்மை. நாலு கிராமத்தில் உறவுள்ள பையன் நாலு வழக்கோடு வருகிறான். உறவில்லாதவன் பசியோடு வருகிறான். சீனியர் ஆபீஸ் சத்திரமல்ல; வாடகை, குமாஸ்தா, கரண்டு எல்லாம் பீஸில்தான் நடக்க வேண்டும். இந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கைக் கணக்கென்று சொல்ல வேண்டும். அதற்கு நம்பிக்கை, பண்பு, குடும்பம் என்றெல்லாம் பட்டுத்துணி போர்த்தி, கேஸ் கொண்டு வராதவனை யோக்கியதை இல்லாதவனாக்கி அனுப்பக் கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்; நாலு பேர் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். "எந்த ஊர்?", "ஊரில் எந்தத் தெரு?", "அப்பா பெயர் என்ன?" - இந்த மூன்று கேள்விகளுக்கும் நம் நாட்டில் விடை ஒன்றுதான். ஜாதியை ஜாதி என்று கேட்கக் கூச்சப்படுகிற காலத்தில், அது ஊர் விசாரிக்கிற வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. வீட்டில் முதன்முதலாகப் படித்துச் சன்னது வாங்கிய பையனுக்கு ஊரும் உண்டு, தெருவும் உண்டு. அவற்றைச் சொன்ன பிறகுதான் நாற்காலி இல்லாமல் போகிறது.

பெண்கள் விஷயம் வேறு விதம். பையனுக்காவது சொந்த ஊர் என்று ஒன்று மிஞ்சுகிறது. பெண் படிப்பது ஓர் ஊர். வாழப்போவது வேறோர் ஊர். எனக்குத் தெரிந்த ஒரு பெண் தெற்குச் சீமையிலே பிறந்து, சட்டம் படித்து, கல்யாணமாகிக் கொங்கு நாட்டில் ஒரு ஜில்லா ஊருக்கு வந்தாள். கணவனுக்கு மில்லில் வேலை. எட்டு மாதம் அந்த ஊர் சீனியர்கள் வீட்டுப் படியேறினாள். அவர்களில் ஒருவர் மிகவும் மரியாதைக்காரர்.

"அம்மிணிக்கு எந்த ஊருங்க?"

"சங்கரன்கோயில் பக்கம், சார்."

"ஓகோ! அப்ப மாப்பிள்ளைதான் இந்தப் பக்கமுங்களா?"

"அவங்களும் எங்க ஊர்தான் சார். வேலைக்காக இங்கே வந்திருக்கோம்."

"அப்படீன்னா இங்கே உங்களுக்கு யாரைத் தெரியுமுங்க?"

"இப்போ உங்களைத் தெரியும், சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். காபி வரவழைத்துக் கொடுத்தார். சொல்லி அனுப்புவதாகவும் சொன்னார். அவள் என்ன படித்தாள், ஒரு பிராது எழுதத் தெரியுமா, தமிழில் தகராறில்லாமல் நாலு வரி எழுதுவாளா - இவற்றில் ஒன்றையும் அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை, அதுதான் கொடுமை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இன்று அந்தப் பெண் சன்னதை நிறுத்தி வைத்துவிட்டுக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் டைப் அடிக்கிறாள். உள்ளூர் ஜூனியர்கள் கொண்டுவரும் பிராதுகளை அடித்துக்கொடுக்கும்போது, சட்டப் பிரிவு தப்பாக இருந்தால் திருத்தியும் கொடுக்கிறாள். அதற்குப் பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி.

"திறமை இருந்தால் எவனும் முன்னுக்கு வருவான், முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்து வரவில்லையா?" என்பார்கள். சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதி. அவருக்கு அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே சிலை இருக்கிறது. நானும் கைகூப்புகிறேன். ஆனால் கதையை முழுக்கச் சொல்லுங்கள். மாதம் 1 ரூபாய்க்குக் கிராமக் கணக்கரிடம் எடுபிடியாக இருந்த அந்தப் பையனை ஒரு தாசில்தார் கண்டெடுத்துச் சென்னைக்குப் படிக்க அனுப்பினார். தெருவிளக்கு மட்டும் போதவில்லை. ஒரு தாசில்தாரும் வேண்டியிருந்தது. அந்தத் தாசில்தார் கண்ணில் படாத பையன்களுக்குச் சிலை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

காந்தியையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் பாரிஸ்டராகி வந்தவருக்குப் பம்பாயில் தொழில் ஓடவில்லை. ராஜ்கோட்டுக்குத் திரும்பி அண்ணாவின் தயவில் மனு எழுதித்தான் பிழைத்தார். தென்னாப்பிரிக்காவுக்குப் போனதும் ஊர்க்கார வியாபாரியின் சம்பந்தத்தினால்தான். அங்கே 1894-இல் அவர் நேட்டால் கோர்ட்டில் பதிவு கேட்டபோது என்ன நடந்தது? அவ்வூர் வக்கீல் சங்கமே திரண்டு ஆட்சேபித்தது. வெள்ளையர் வளர்த்த நாட்டில், வெள்ளையர் நிறைந்த தொழிலில், இந்தக் கறுப்பு மனிதர் எதற்கு என்பதுதான் ஆட்சேபத்தின் சாரம். கோர்ட்டு அதைத் தள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. இதைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு அந்த வெள்ளைக்கார வக்கீல்கள்மேல் நமக்குக் கோபம் வருகிறது. "இவர் நம்ம ஆள் இல்லையே" என்று அவர்கள் எழுத்தில் கொடுத்தார்கள். நம்மவர்கள் காபி கொடுத்துச் சொல்கிறார்கள். வேறென்ன வித்தியாசம்?

இன்னொரு வேடிக்கை. அதே கோர்ட்டில் உயர்ந்த ஆசனத்தில் இருப்பவரை ஏன் பொதுவாகச் சொந்த ஊரில் போடுவதில்லை? சில வருஷத்துக்கு ஒரு தரம் ஏன் மாற்றுகிறார்கள்? உறவு கூடாது, பழக்கம் கூடாது, அந்நியனாக இருந்தால்தான் நியாயம் நேராக இருக்கும் என்பதற்காக. மேலே உட்காருகிறவர் அந்நியராக இருந்தே தீரவேண்டும்; கீழே நின்று பேசுகிறவர் மட்டும் ஊருக்கே மாப்பிள்ளையாக இருக்க வேண்டும்! அந்நியனாக இருப்பது நீதிபதிக்கு யோக்கியதை என்றால், அது வக்கீலுக்கு மட்டும் எப்படி ஊனமாயிற்று?

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். வானத்தை வில்லாக வளைக்க வேண்டாம். ஒவ்வொரு வக்கீல் சங்கத்து வாசலிலும் ஒரு பலகை: எந்தச் சீனியருக்கு ஜூனியர் தேவை, எத்தனை பேர், மாதம் என்ன கொடுப்பார். விண்ணப்பம் எழுத்தில் வரட்டும். ஊரையும் தகப்பனார் பெயரையும் மறைத்து, ஒரு வழக்குக் கட்டைக் கொடுத்து ஒரு பிராது எழுதச் சொல்லட்டும். ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லி அனுப்பட்டும். மூன்று வருஷ சர்ட்டிபிகேட்டைத் தயவாக அல்ல, கடமையாகக் கொடுக்கட்டும். இது நடக்காத காரியமல்ல. 2022-ஆம் வருஷத்துத் திட்டப்படி ஜில்லா சட்ட உதவி ஆணையங்கள் ஏழைக் கைதிகளுக்காக வாதாட வக்கீல்களை நியமிக்கின்றன. மூன்று வருஷத்துக்கு உட்பட்ட அனுபவமுள்ள இளைஞர்களுக்கும் அதில் இடமுண்டு. விண்ணப்பம் வாங்கித்தான் எடுக்கிறார்கள். சர்க்கார் பணத்தில் ஏழைக்கு வக்கீல் தேட முடிகிற முறையில், பீஸ் வாங்குகிற ஆபீஸுக்கு ஏன் தேட முடியாது?

கடைசியாக, வாசகர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. சீனியரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. உங்கள் வீட்டில் ஒரு வழக்கு வந்தால் முதலில் என்ன கேட்கிறீர்கள்? "நம்ம ஆள் யாராவது வக்கீலாக இருக்கிறாரா?" என்றுதானே? சட்டம் தெரிந்தவரை அல்ல, சம்பந்தம் தெரிந்தவரைத் தேடுகிறீர்கள். நீங்கள் அப்படித் தேடுகிற வரையில் சீனியரும் அப்படியேதான் தேடுவார்; உங்களைக் கொண்டு வருகிறவன்தான் அவருக்கு வேண்டியவன். நீங்கள் கேட்கிற கேள்வியைத்தான் அவர் அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கேட்டார்.

வேண்டியவர் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். சொந்தக்காரர் என்பது ஒன்று. தேவையானவர் என்பது இன்னொன்று. வழக்கு என்று வந்தவனுக்கு வேண்டியவர் சட்டத்தைப் படித்தவர், கட்டைப் புரட்டியவர், பயப்படாமல் பேசுகிறவர். அவர் சங்கரன்கோயிலிலிருந்து வந்தால் என்ன, சத்தியமங்கலத்திலிருந்து வந்தால் என்ன? அடுத்த தடவை ஒரு வக்கீலிடம் போகும்போது, அவருடைய முன்னறையில் உட்கார்ந்திருக்கிற ஜூனியர்களைப் பார்த்து, "இவர்களில் உங்களுக்கு யாருமே சொல்லாமல் வந்து சேர்ந்தவர் எத்தனை பேர்?" என்று கேட்டுப் பாருங்கள். பீஸ் கொடுக்கிறவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.